பர்லியாரில் ஒரு வெறுந்தரை

1. குல்லாவோடு வந்த வீட்டுக்காரர்

குன்னூரில் கட்டட வேலை பார்க்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீடு என்றாலே குளிருக்குப் பயப்படுவோம். தரையில் எதை விரிக்கலாம், ஜன்னல் இடுக்கை எதை வைத்து அடைக்கலாம் என்றுதான் புத்தி போகும். சூடும் குளிரும் கடக்காமல் தடுக்க வீடுகளுக்கு இன்சுலேஷன் போடும் வேலையில் பல வருடமாக சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்கும் அந்த வியாதி இருந்தது. அதைத் தெளிய வைத்தவர் எங்கள் இன்ஜினியர் ரெஜினா மேடம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பர்லியாரில் வீடு கட்டியவர் செல்வராஜ் அண்ணன். எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர், குன்னூரை ஒட்டிய குளிரான ஜெகதளா பக்கம் குடியிருந்தார். அவர் மனைவி புஷ்பம் அக்காவுக்கு வீசிங். மழைக்காலம் வந்தால் மூச்சு விட முடியாமல், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். கீழே இறங்கிப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் ஒரு கோடை இருந்து பார்த்தார்கள். வெயில் ஒத்துக்கொள்ளாமல் அக்கா மயங்கி விழுந்தார். மேலேயும் இருக்க முடியாது, கீழேயும் இருக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் மலைப்பாதையில் இருப்பது பர்லியார். அங்கேயும் சரிப்படாவிட்டால் எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியாது.

முதல் நாள் சைட்டுக்கு அண்ணன் ஸ்வெட்டரும் குல்லாவுமாக வந்து இறங்கினார். பர்லியார் வெயிலில் கழுத்தெல்லாம் வியர்வை ஓடுகிறது, மனிதர் குல்லாவைக் கழற்றவில்லை. பின்னாலேயே ஒரு டெம்போ நிறைய இன்சுலேஷன் ஷீட் வந்து சேர்ந்தது.

"தம்பி, தரைக்கு அடியில பூரா இதப் போட்டுருங்க. ஒரு எடம் விடாதீங்க. அவளுக்குக் காலு சில்லுன்னு ஆகக் கூடாதுங்க" என்றார்.

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஊட்டியில் நாங்கள் போடுவதே அப்படித்தான். ஷீட்டை இறக்கி அடுக்கச் சொல்லிவிட்டேன்.

2. மேடம் செருப்பைக் கழற்றினார்

மறுநாள் மேடம் வந்தார். சரிவில் கட்டுகிற வீடு அது. பின் அறை மலையை வெட்டிய இடத்தில், அதன் சுவர் மண்ணோடு ஒட்டி நின்றது. நடு ஹால் சமதரையில். முன் அறை பள்ளத்தைப் பார்த்து பில்லர் மேல் நின்றது, அடியில் காற்று ஓடும். மேடம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஒரு ஊடு இல்லீங்க, மூணு ஊடு. ஒவ்வொண்ணுக்கும் அஸ்திவாரம் வேற. மூணுக்கும் ஒரே வைத்தியம் ஆகாதுங்க" என்றார்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மேடம் விவாதம் பண்ணவில்லை. அவருக்கு எப்போதும் அந்தப் பொறுமை உண்டு. பக்கத்தில் மங்குஸ்தான் விற்கிற ஒரு அம்மாவின் வீடு இருந்தது. சமதரையில் கட்டிய பழைய வீடு, சிமெண்ட் தரை. உச்சி வெயில் நேரத்தில் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எங்கள் எல்லோரையும் உள்ளே கூட்டிப் போனார். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடு மூலைக்கு மூலை நின்று பார்த்தார். பிறகு, அன்று அண்ணனோடு வந்திருந்த புஷ்பம் அக்காவிடம், "அக்கா, கொஞ்ச நேரம் இந்தத் தரையில படுத்துப் பாருங்களேன்" என்றார்.

அண்ணன் பதறிவிட்டார். "ஏனுங்க மேடம், வெறுந்தரையிலயா? நெஞ்சுல சளி கட்டிக்காதுங்களா?"

"நீங்க சும்மா இருங்க" என்று அக்கா முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். வந்த வெயிலுக்கு அவருக்கு எங்கேயாவது சாய்ந்தால் போதும் என்றிருந்திருக்கும்.

மேடம் எங்களைக் கட்டுகிற வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போனார். "மேல குளிர் ஊர்ல, ஊட்டுச் சூட்ட மண்ணு இழுத்துக்குது. அதனால குறுக்க ஷீட் போட்டு மறிக்கிறோம். இங்க வெயில் கூரை வழியா எறங்குது. அந்தச் சூட்ட மண்ணு வாங்கிக்கிட்டா நமக்கு நல்லதுதானுங்க? தரைக்கு அடியில ஷீட் போட்டா அந்த வழிய நாமளே அடைச்சுருவோம்." பிறகு மண்ணோடு ஒட்டிய பின் சுவரைக் காட்டினார். பாதி உயரத்துக்குப் பச்சை படிந்திருந்தது. "அக்காவுக்கு இங்க எதிரி குளிர் இல்லீங்க அண்ணா. இந்த ஈரம்."

மங்குஸ்தான் அம்மாவின் வீட்டுக்குத் திரும்பினோம். அக்கா மல்லாந்து படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தலையணை இல்லை, இருமல் இல்லை. அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"படுத்துத் தூங்கறாளுங்க" என்றார் என்னிடம், தணிந்த குரலில். அவருக்குக் கண் கலங்கியது. குல்லாவைக் கழற்றி அதில்தான் துடைத்துக்கொண்டார்.

3. எங்கே போட்டோம், எங்கே விட்டோம்

கொண்டு வந்த ஷீட் வீணாகவில்லை. பெரும்பகுதி மொட்டை மாடிக்குப் போனது, மேலே வெள்ளை டைல்ஸ் பதித்தோம். பில்லர் மேல் நிற்கும் அறைக்கு, தரை காங்கிரீட்டின் அடிப்பக்கத்தில் ஷீட் ஒட்டினோம். சாயங்கால வெயிலும் பள்ளத்துச் சூடான காற்றும் அங்கேதான் அடிக்கும். நடு ஹாலுக்கு ஷீட் கிடையாது, ஜல்லிக்கு மேல் கனமான பாலித்தீன் மட்டும். மண்ணின் குளிர்ச்சி வரட்டும், ஈரம் வரக் கூடாது என்பது கணக்கு. பின் சுவரின் வெளிப்பக்கம் வாட்டர் ப்ரூஃபிங் பூசி, மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் கருங்கல் ஜல்லி நிரப்பி, அடியில் ஓட்டைகள் துளைத்த குழாய் போட்டுத் தண்ணீரை வெளியே விட்டோம்.

பில்லர் தலையில் ஷீட்டை முட்டவிடாமல் கையளவு இடம் விடச் சொன்னார் மேடம். சூடான ஊரில் கறையான் ஷீட்டுக்குள் புகுந்தால் வெளியே தெரியாது. ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணில் படும். அவர் சொன்ன பிறகு எனக்கு எல்லாம் ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. சொல்வதற்கு முன்னால் தெரியவில்லை, அதுதான் விஷயம்.

ஹாலுக்குக் காங்கிரீட் போடுகிற அன்று அண்ணன் ஒரு ஷீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். "மேடம், அவ படுக்கற எடத்துக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு வச்சுரலாமுங்களா?"

மேடம் சிரித்துவிட்டார். "அண்ணா, அங்கதானுங்க வைக்கவே கூடாது."

அத்தனை வருடம் குளிரில் மனைவியைப் பார்த்துக்கொண்டவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

4. அடுத்த கோடை

மழைக்காலத்தில் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். பின் சுவர் காய்ந்தே இருந்தது. ஆனால் வெயில் வந்தால்தானே முடிவு தெரியும். கோடையில் மேட்டுப்பாளையம் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரோடு கொதித்தது. அண்ணன் பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டரும் இல்லை, குல்லாவும் இல்லை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. தூங்கறா."

எட்டிப் பார்த்தேன். கட்டில் மேல் மடித்த துணிகள் இருந்தன. முதுகுக்கு அடுக்கும் தலையணைகள் அலமாரி மேல் ஏறிவிட்டன. அக்கா ஹால் நடுவில் வெறுந்தரையில், ஒரு கையை நீட்டிப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. வாசலில் நின்றபடியே மேடத்துக்குப் போன் பண்ணி, முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன்.

"தரை வியர்க்குதாங்க?" என்று கேட்டார். குனிந்து தடவிப் பார்த்து, ஈரம் துளியும் இல்லை என்றேன். "அப்ப சரிங்க" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான் அவர்.

இப்போது எந்த ஊர் சைட்டுக்குப் போனாலும் அளவு டேப்பை எடுப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். வீட்டுக்காரர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் வெறுங்காலோடு, என்ன வைத்தியம் வேண்டும் என்று தரையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.