பேய்க்குச் செருப்பு மாட்டியவள்

ஒகேனக்கல்லில் பெரியம்மாளிடம் மீன் வாங்குகிறவர்கள் பேரம் பேச மாட்டார்கள். பேசினால் இலையில் வைத்த மீன் திரும்பச் சட்டிக்கே போய்விடும். கோபக்காரி என்று பேர். ஆனால் அந்தக் கோபம் அவள் கூடப் பிறந்ததல்ல. நாற்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் புருஷன் மாது பரிசல்காரன். அன்றைக்கு மேற்கே கொட்டிய மழையில் ஆறு செம்மண்ணாகப் பொங்கி வந்தது. எல்லாரும் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் மரக் காண்ட்ராக்டர் பச்சியப்பன் தோல் செருப்பும் கைத்தடியுமாக வந்தார். அக்கரைக் காட்டில் மரம் வெட்டும் ஆட்களுக்கு அரிசி மூட்டை போயாக வேண்டுமாம்.

"தண்ணி கொஞ்சம் வடியட்டுங்க" என்றான் மாது.

பச்சியப்பன் கைத்தடியால் ஆற்றைக் காட்டினார். "இன்னிக்கு எடுக்கலைன்னா, இந்தத் துறையில நீ இனிமே பரிசலே எடுக்க மாட்டே."

மாது எடுத்தான். கரையில் நின்று பெரியம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். சாயங்காலம் பரிசல் மட்டும் கீழே ஒரு பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. மாது கிடைக்க மூன்று நாளாயிற்று.

அவள் சொல்லியும், விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனதில் பச்சியப்பன் பேர் இல்லை. கரையில் நின்ற மற்றப் பத்துப் பேருக்கும் அன்றைக்குக் காது அடைத்துப் போயிருந்தது. ஒரு வருஷம் கழித்து, வெளியூர் ஆள் ஒருவன் அவளிடமே மீன் தின்றுகொண்டு அவளுக்கே கதை சொன்னான். பாறை மேல் வெள்ளைச் சீலை கட்டிய மோகினி நின்று கூப்பிட்டதாம், பரிசல்காரன் மயங்கிப் போனானாம். அவள் இலையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாள். அப்போது அவள் கட்டியிருந்ததும் வெள்ளைச் சீலைதான்.

நாற்பத்தெட்டு மாசியில் சென்னையிலிருந்து ஐந்து மாணவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சினிமாத் தொழில் படிக்கிறவர்கள். ஒரு படத்தின் ஆரம்பத்தை மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு எடுத்துக் காட்ட வேண்டும், அதுதான் பரீட்சை. அவர்கள் எடுக்க நினைத்தது பேய்ப் படம். அந்த ஐந்து பேரில் ஒருவன் சின்னப்பராஜ், தர்மபுரிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன். மோகினிக் கதையைச் சொல்லி மற்றவர்களை இங்கே கூட்டி வந்தவனும் அவன்தான். அந்தப் பரிசல்காரனின் பெண்சாதி யார் என்று அவனுக்குத் தெரியாது.

பெரியம்மாளைப் பார்த்ததும் அவர்களுக்குத் தலைவனான வேணுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அம்மா, நீங்க நடிக்க வேணாம். தலையை விரிச்சுப் போட்டுட்டு அந்தப் பாறை மேல நின்னா போதும். முதுகு மட்டும்தான் தெரியும்."

"எதுக்கு?"

"முதல்ல வெறும் பரிசல் தானா மிதந்து வரும். அப்புறம் கொலுசுக் கால். அப்புறம் வெள்ளைச் சேலை. இந்த மூணையும் பார்த்தாத்தான் ஜனங்களுக்குப் பேய்னு புரியும்."

பெரியம்மாள் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"வெள்ளைச் சீலை கட்டினவ பேயா?"

"படத்துலங்க..."

"நான் தெனமும் இதைத்தான் கட்டிக்கிட்டு மீன் பொரிக்கறேன். நீ இப்பத் தின்னது யாரு கையால?"

கேட்டுக்கொண்டே அவள் அடுப்பிலிருந்து கொள்ளியை உருவிவிட்டாள். ஐந்து பேரும் மணலில் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

ஆனால் படத்தை விடவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் காமிராவை நட்டார்கள். சிவப்புக் கண்ணாடியை முன்னால் மாட்டினால் பகல் வெளிச்சமே ராத்திரி மாதிரி விழுமாம். பாறை மேல் ஒல்லியான ஒரு மாணவன் வெள்ளைச் சேலையும் சவுரி முடியுமாக நின்றான். ஆற்றில் ஒரு வெறும் பரிசல் சுழன்று வந்தது.

கூடையோடு வந்த பெரியம்மாள் அந்தப் பரிசலைப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே சுழற்சி. கூடை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பாறை ஏறிப் பையனின் சவுரியைப் பிடுங்கினாள். திரும்பிக் காமிராவைப் பார்த்து நேராக நடந்து வந்தாள், வாய் ஓயாமல் வைதுகொண்டே. காமிராவைப் பிடித்திருந்தவன் பயத்தில் நிறுத்த மறந்துபோனான். அவர்களிடம் இருந்ததே ஒரு பிலிம் சுருள்தான்.

இரண்டு மாதம் கழித்துச் சின்னப்பராஜ் தனியாக வந்தான். அடுப்பிலிருந்து தள்ளியே நின்றுகொண்டான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகணும். வேற சுருள் இல்லாததால நீங்க நடந்து வந்ததை அப்படியே படத்துல வெச்சுட்டாங்க. வாத்தியாருங்க எல்லாம் நடுங்கிட்டாங்க. இந்த மாதிரிப் பேயைப் பார்த்ததே இல்லைன்னு நல்ல மார்க் குடுத்தாங்க."

"கடைசீல என்னைப் பேயாக்கிட்டுத்தான் போனீங்க."

"தப்புதான் அக்கா. ராவெல்லாம் தூக்கமில்லை."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கை கொள்ளிக்குப் போனது. ஆனால் தப்பு என்று ஒருவன் அவளிடம் வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் பேச ஆரம்பித்தாள். செம்மண் தண்ணீர், அரிசி மூட்டை, கைத்தடி, ஒன்று விடாமல் சொன்னாள். வெயில் சாயும்வரை சொன்னாள்.

சின்னப்பராஜ் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இதை எடுக்கட்டுமா அக்கா?"

"எடு. ஆனா ஒரு பொம்பளையும் அதுல பேயா வரக்கூடாது. பேய்க்குக் காலில்லைன்னு எவன் சொன்னான்? நான் பார்த்த பேய்க்குக் காலு இருந்துச்சு. தோல் செருப்பு போட்டிருந்துச்சு."

அடுத்த பரீட்சைக்கு அவன் அதைத்தான் எடுத்தான். ஆளின் முகத்தைக் காட்டவில்லை. ஈர மணலை மிதித்துக்கொண்டு வரும் செருப்புக் கால்கள், ஆற்றை நோக்கி நீளும் கைத்தடி, மாட்டேன் என்று தலையாட்டும் பரிசல்காரன். பரிசல்காரனாக நின்றவன் தீர்த்தன், மாதுவோடு தொழில் செய்தவன். யார் யாரையோ கேட்டும் நடிக்க ஆள் கிடைக்காதபோது, கடைசியில் அவனாகவே வந்து நின்றான். பெரியம்மாள் காமிராவுக்குப் பின்னால் நின்று செருப்புப் போட்டவனை ஏசிக்கொண்டே இருந்தாள்.

"பிச்சை கேக்கற மாதிரி நிக்கறியே! அவன் அப்படியா நின்னான்? தடியை ஓங்கி நீட்டுடா!"

பென்னாகரத்தில் அப்போது டூரிங் கொட்டகை ஒன்று போட்டிருந்தது. முதலாளி சின்னப்பராஜின் சித்தப்பாவுக்குப் பழக்கம். பெரிய படத்துக்கு முன்னால் இந்த இரண்டு நிமிஷத்தையும் ஓட்டச் சம்மதித்தார். பெரியம்மாள் முதல் ஆட்டத்துக்குப் போய்ப் பெண்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

திரையில் செருப்புக் கால்கள் வந்தன. கொலுசு இல்லை, கூந்தல் இல்லை. முன்னால் ஒரு பேய்ப் படம் உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கைத்தடி நீண்டதும் கொட்டகை அடங்கிப்போனது.

"டேய், நம்ம காண்ட்ராக்டர் தடி மாதிரியே இருக்குதுடா" என்றான் எவனோ.

பெரியம்மாள் எழுந்தாள். "மாதிரி இல்லை. அவனேதான். என் புருசனைக் கொன்னது பச்சியப்பன்."

தலைகள் அவள் பக்கம் திரும்பின. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து தீர்த்தனின் குரல் வந்தது. "ஆமாங்க. அன்னிக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். என் காதால கேட்டேன்."

பெரியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அதைச் சொல்ல உனக்கு ஆறு வருசமாடா?"

தீர்த்தன் தலை குனிந்தான். ஆனாலும் மறுநாள் காலையில் தாலுகா ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் கைநாட்டு வைத்தான். அவனுக்குக் கீழே இன்னும் நாலு பேர் வைத்தார்கள். நாலாம் நாள் பச்சியப்பனின் ஆட்கள் கொட்டகைக்கு வந்து படத்தை நிறுத்தினார்கள். மனு எந்த மேஜையில் தூங்கியதோ, பச்சியப்பனை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. பெரியம்மாள் மாதம் ஒரு தடவை பென்னாகரம் நடந்துபோய், என் மனு என்ன ஆச்சு என்று சத்தமாகக் கேட்டுவிட்டு வருவாள். அவள் வருவது தெரிந்தால் குமாஸ்தா பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.