புதன்கிழமை லீவு

எங்கள் அலுவலகத்தில் வேலையைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே லீவு கேட்கக் கற்றுக்கொண்டுவிட வேண்டும். திங்கட்கிழமை கேட்கக் கூடாது. மேலாளர் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு கேட்க வேண்டும். ஒரு காரணம்தான் சொல்ல வேண்டும். இரண்டு சொன்னால் இரண்டுமே பொய் என்றாகிவிடும். காய்ச்சல் என்றால் குரலிலேயே தெரிய வேண்டும், அதனால் எழுந்ததும் வாய்கூடக் கொப்பளிக்காமல் போன் செய்ய வேண்டும். இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் கேளம்பாக்கத்தில் எங்கள் கணக்குப் பிரிவில் தெரியாதவர்கள் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, இருக்கிற லீவைத் தொடாமல் வைத்திருப்பது. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, இவற்றுக்கு எடுக்கலாம். சும்மா எடுத்தவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றபடியே போய் வருகிறவளுக்கு முதுகு எவ்வளவு கெஞ்சினாலும் அது ஒரு காரணம் ஆகாது.

என்னைவிட என் லீவைக் கட்டிக் காத்தது அம்மாதான். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஊரில் தனியாக இருக்கிறாள். பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவள். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு ஒரு விடுதியில் கூட்டிப் பெருக்கினாள். ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போயிற்று, அதுதான் அவளுக்குத் தெரிந்த உலகம். வீட்டில் இருந்தாலும் சம்பளம் உண்டு என்று நான் சொன்னபோது முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு என் லீவை நகையைப் போல நினைக்க ஆரம்பித்துவிட்டாள். கால் வீங்கினால்கூட ஞாயிற்றுக்கிழமை வரை வாயைத் திறக்கமாட்டாள். நான் கோபித்துக்கொண்டால் ஒரே பதில்தான்.

"இப்பவே செலவு பண்ணிடாதடி. நான் போற அன்னிக்கு ஒனக்கு வோணும்ல?"

உடனே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

சமீபத்தில் மூச்சு வாங்குகிறது என்று அவளுக்கு ஸ்கேன் எடுத்தோம். அதையும் சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் எடுத்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த புதன்கிழமை காலை வழக்கம்போல பஸ் நிலையத்தில் நின்றேன். கேளம்பாக்கம் பஸ் வந்தது. எனக்குக் கால் எழவில்லை. வேறொன்றுமில்லை, அலுத்துப்போய்விட்டது. வயிற்றுவலி என்று மேலாளருக்குப் போன் செய்துவிட்டு, அம்மா ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஒரு வேளை அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அம்மா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. மாப்பிள்ளை நன்றாக இருக்கிறாரா, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டாள். எல்லாரும் சௌக்கியம் என்றேன். பின்னே எதற்கு வந்தாய் என்றாள். சும்மா, உன்னைப் பார்க்கத்தான் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஈரக் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு? மறைக்காம சொல்லு. இன்னும் எத்தினி நாள் கீது?"

ஒன்றுமே இல்லை என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். கேட்டால்தானே. வேலை நாளில் காரணமில்லாமல் வந்து நிற்கிற மகளை அவள் எப்படி நம்புவாள்? மூக்கைச் சிந்திவிட்டு, காதிலிருக்கும் கம்மலை எந்தப் பேத்திக்குக் கொடுப்பது என்று பேச ஆரம்பித்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கடைசியில், அலுவலகமே இன்று மூடல், முதலாளியின் அப்பா தவறிவிட்டார் என்று சொன்னேன். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. இருக்கிறாரா, எப்போதோ போய்விட்டாரா என்பதுகூடத் தெரியாது.

அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், யாரு பெத்த புள்ளயோ" என்றாள். "அப்போ ஒன் லீவு அப்டியே கீதா?"

"அப்டியே கீதும்மா."

அதற்குப் பிறகுதான் எழுந்து உலை வைக்கப் போனாள்.