தங்கைக்குத் தெரிந்த ஓட்டை

எங்கள் வீட்டில் ஓட்டை வாய் நான். என் தங்கை நேர்மாறு. பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால்கூட நாம் கேட்டால்தான் சொல்வாள். அழுத்தக்காரி என்று அம்மா திட்டுவாள். அந்த அழுத்தத்துக்கே சம்பளம் கொடுக்கிற மாதிரி அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. பிரவுசர் தயாரிக்கிற கம்பெனியில், அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அடைத்த பிரவுசர் எல்லோருக்கும் போய்ச் சேரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் திருடர்கள் முந்திக்கொள்வார்களாம்.

நான் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். கட்சிக்காரர்களின் காகிதமெல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். ஒருநாள் மெயிலில் வந்த ஃபைலை அதே ஃபோல்டரில் இறக்கித் திறந்தேன். பிரவுசரில் வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. ஏதோ கோளாறு என்று மூடிவிட்டேன். அந்தப் பாழாய்ப்போன பக்கம், கூடக் கிடந்த ஃபைல்களையெல்லாம் படித்து, அனுப்பியவனுக்கே கொடுத்துவிட்டது. அடுத்த விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் காகிதங்களை வரிவரியாகச் சொன்னார்.

"எவ்வளவு வாங்கின?" என்று என்னைக் கேட்டார் என் வக்கீல். அவர் மறந்த வாய்தாவையெல்லாம் நினைவூட்டியவள் நான். நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த வெள்ளைப் பக்கம் உட்பட விஷயத்தைக் கேட்டதும் தங்கையின் முகம் வெளுத்துப்போனது.

"உன் தப்பில்லக்கா. ஓட்டை எங்க பிரவுசர்ல. நான் அப்பவே அடைச்சுக் குடுத்துட்டேன். புது வடிவம் வர்றப்போ சேர்த்து விட்டுக்கலாம்னு மேல இருக்கறவங்க நிறுத்தி வச்சிருக்காங்க. ஒரு மாசமாச்சு."

"ஒரு மாசமா? அடிப்பாவி! பக்கத்துலதானே படுத்திருந்த? 'வர்ற ஃபைலைத் திறக்காதக்கா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"எத்தனையோ பேர் அதே பிரவுசரை வச்சிருக்காங்க. அக்காவுக்கு மட்டும்னு எப்படிச் சொல்றது?"

நியாயம் பேசுகிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப வக்கீல்கிட்ட வந்து இதையே சொல்லு" என்று கத்தினேன்.

சொன்னால் அவள் வேலை போய்விடும். ஆனாலும் வந்தாள். வக்கீலின் மேஜைக்கு முன்னால் நின்று, ஓட்டை எங்கே இருந்தது, ஃபைல்கள் எப்படிப் போயின என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உனக்கு இது எப்பலேருந்து தெரியும்மா?"

"ஒரு மாசமா, சார்."

"ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"ஒரே ரூம், சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "கூடப் பொறந்தவ ஒரு மாசமா தெரிஞ்சு வச்சுக்கிட்டு உன்கிட்ட மட்டும் சொல்லலையாக்கும்? யார் காதுல பூ சுத்தற? இவ வழி சொல்லிக் குடுத்திருக்கா, நீ காகிதத்தை வித்துட்ட."

"சத்தியமா சொல்லலை, சார்" என்றேன்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். எந்தத் தங்கை சொல்லாமல் இருப்பாள்? அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.