பட்டியலில் முதலில் நின்ற சொல்

தொண்ணூறுகளில் போர்டிக்சன் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. லீவுக்கும் வேலை நீக்கத்துக்கும் ஒரே மலாய் கடிதப் பாரம்தான். புதிதாக வந்த கம்ப்யூட்டரில் அதை அடித்து, நடுவே ஒரு பட்டியல் பெட்டி வைத்தேன். அம்புக்குறியை அழுத்தினால் சொற்கள் இறங்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஏபிசி வரிசையில் அடுக்கியதால் வேலை நீக்கத்துக்கான ‘பெர்ஹெந்தி’ முதலில் நின்றது. எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல் சொல்லே அச்சாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்ட செம்பனை வெட்டுக்காரர் மாரியப்பனுக்கு அப்படித்தான் வேலை நீக்கக் கடிதம் போனது. மேனேஜர் துரையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மறுநாள் காலை மாரியப்பன் பாராங் கத்தியோடு ஆபீசுக்குள் பாய்ந்தார்.

“இருவது வருசமா செம்பனக் குலை வெட்டுறேன். எம் மவ கல்யாணத்துக்கு என் வேலைய புடுங்குறியா?”

முதல் வெட்டில் கம்ப்யூட்டர் திரை சிதறியது. நான் மேசைக்கடியில் உருண்டேன். அடுத்த வெட்டு என் நாற்காலியைப் பிளந்தது. ஓடிவந்து கத்தியைப் பிடித்த, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் உள்ளங்கை எலும்புவரை கிழிந்தது.

“லீவுதான் அண்ணே! பெட்டிய மாத்த மறந்துட்டேன் லா!” என்று அலறினேன்.

கத்தி கீழே விழுந்தது. “ஒரு தடவ படிச்சுப் பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டு, மண்டோரின் ரத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகள் கழுத்தில் தாலி ஏறியபோது அவர் லாக்கப்பில் இருந்தார்.

இப்போது நான் போடும் எந்தப் பட்டியலிலும் முதல் வரி காலிதான். நிரப்பாத பாரம் திரும்பி வரும், ஆளை வெட்டாது.