தெற்கு மூலையில் மட்டும் தழைத்த பயிர்

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கு வணக்கம். உருக்கமாக எழுத வேண்டும் என்று சொல்லி மதினி இந்த வேலையை என்னிடம் தந்தார். சாவு வீட்டிலும் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மையில் அது பயம். பயம் வந்தால் என் வாய் நிற்காது.

அண்ணன் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா ஓட்டல் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தபோது கூட வந்தார். ஆரியசாலையில் மூட்டை சுமந்து என்னைப் படிக்க வைத்தார். பிறகு விழிஞ்ஞம் போகும் வழியில் ஒரு சரிவு நிலம் வாங்கித் தென்னை வைத்து, அங்கேயே வீடும் கட்டினார். ஒரு பெருமழை பெய்தால் மேல்மண் கீழே ரோட்டில் கிடக்கும். அதைப் பிடித்து வைக்கத் தென்னைகளுக்கு நடுவே மூடுபயிர் விதைப்பதே அவருடைய பிற்கால வாழ்க்கை.

கோடை மழையை நம்பித் தட்டைப்பயறு விதைத்தார். முளைத்ததும் மழை நின்றது, கருகிவிட்டது. மறு வருஷம் வறட்சி தாங்கும் கொழுஞ்சி போட்டார். அது மெதுவாக வளரும் பயிர். வேர் பிடிப்பதற்குள் இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, விதையும் மண்ணும் சேர்ந்து ரோட்டுக்குப் போயின. அதற்கடுத்து, தண்ணீரில் நிற்கும் என்று தக்கைப்பூண்டு. அந்த ஆனி முழுக்க வெயில்.

"அண்ணே, நீங்க போன வருஷத்து மழைக்கு இந்த வருஷம் விதைக்கிறீங்க" என்றேன்.

"வரப்போற மழை ஒனக்குத் தெரியும்னா சொல்லுலே, அதுக்கு விதைக்கேன்" என்றார்.

கடைசியில் மூன்றையும் கலந்து விதைத்தார். சரிவு முழுக்க ஒன்றும் தேறவில்லை. வீட்டுக்குத் தெற்கு மூலையில் மட்டும் தட்டைப்பயறும் கொழுஞ்சியும் பின்னிக்கொண்டு தழைத்தன. "இந்தக் கிறுக்கு வானத்துக்குப் பிழைச்ச விதை இதுதாம்லே. காய் முத்தட்டும், அடுத்த வருஷம் சரிவு பூரா இதத்தான் போடணும்" என்றார். காய் முத்தவில்லை. ஒரு காலையில் அந்தப் பயிர் ஓரத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

இந்த ஊர் வழக்கப்படி சிதையை வீட்டு வளாகத்திலேயே தெற்குப் பக்கம் மூட்டுவார்கள். தெற்கே இருந்த இடமெல்லாம் அந்தப் பயிர். "மதினி, டவுன்ல மின் மயானம் இருக்குல்லா, நல்ல சுத்தமா இருக்கும், டோக்கன்கூடக் குடுப்பாங்க" என்று உளறினேன்.

மதினி என்னைப் பார்த்தார். "தம்பி, அவரு இந்த மண்ண விட்டு எங்கயும் வரமாட்டாரு. பயிர வெட்டச் சொல்லுங்க."

மண்வெட்டி விழுமுன், கொள்ளி வைக்க வேண்டிய நான் ஈர வேட்டியோடு குந்தியிருந்து பச்சைக் காய்களைப் பறித்து மடியில் கட்டினேன். துக்கத்துக்கு வந்தவர்கள், இவன் சாம்பாருக்குப் பறிக்கிறான் என்று நினைத்திருக்கலாம். பக்கத்து வீட்டுச் சேட்டன் அருகில் வந்து, "பச்சக்காய் முளைக்கில்லா, கேட்டோ" என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் சேட்டா" என்றேன். கை மட்டும் நிற்கவில்லை.

விதைகள் காய்ந்து சுருங்கின. இந்த வருஷம் கோடை மழைக்கு அவற்றை விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பிறகு வந்த இடவப்பாதியில் தெற்கு மூலையும் ரோட்டுக்கு இறங்கிவிட்டது.

சிதைக்கு விறகு அடுக்கியவர்களுக்கும், பதினாறாம் நாள்வரை மதினியைத் தனியே விடாத பெண்களுக்கும், என்னோடு ரோட்டில் நின்று மண்ணை வாரி மேலே போட்ட சேட்டனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஐப்பசியின் துலா மழை வரப்போகிறது. எதை விதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியாமல்தான் இருந்தது. உங்கள் வீட்டில் எந்தப் பயறு விதை இருந்தாலும் ஒரு பிடி கொடுத்து அனுப்புங்கள். முளைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சரிவில் இன்னும் கொஞ்சம் மண் மிச்சமிருக்கிறது.