காலையில் எடுத்த சிரிப்பு

எதையும் பார்க்காமல், எதையும் கேட்காமல் ஒரு மனிதர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை யாரோ எடுத்துப்போய் இன்னொருவரின் துக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அப்போது அவர் யாரைப் பார்த்துச் சிரித்தவர் ஆகிறார்? தத்துவம் படிக்கிறவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து அலசவேண்டிய கேள்வி இது. 'முன்வரிசை' என்று எல்லோரும் அழைத்த மனிதருக்கு இது சாவகாசமாக வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் வீட்டுக் கூடத்தில், குடும்பமே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது வந்தது.

டிவி நிகழ்ச்சிகளில் பார்வையாளராக உட்காருவதுதான் அவர் பிழைப்பு. அதற்கு முன் டிவி விற்கும் கடையில் விற்பனையாளராக இருந்தார். ஜனங்கள் ஃபோனிலேயே வாங்கி ஃபோனிலேயே பார்க்க ஆரம்பித்ததும் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். "இத்தனை வருஷம் பெட்டிக்கு வெளியில நின்னு வித்தாச்சு, இனிமே உள்ள போய் உட்கார்ந்து பார்ப்போம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கூட்டம் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் பெயரைக் கொடுத்தார். உருண்டை முகம், சட்டென்று கலங்கும் கண், தாராளமாகத் திறக்கும் வாய். கேமராக்காரர்களுக்கு அந்த முகம் பிடித்துப்போனது. எந்த நிகழ்ச்சியானாலும் அவரை முதல் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பட்டப்பெயர் அங்கிருந்துதான் வந்தது.

அந்த வேலையில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு நடைமுறை உண்டு. முகங்களை முதலில் எடுத்துவிடுவார்கள். காலையில் மேடை காலியாக இருக்கும், பேசப்போகிறவர்கள் மேக்கப் அறையில் இருப்பார்கள். ஃப்ளோர் மேனேஜர் மேடை ஓரத்தில் நின்று, தூக்கம் கலையாத குரலில், "யாரோ ஜோக் சொல்லிட்டாங்க, சிரிங்க" என்பார். சிரிப்பார்கள். "இப்போ அதிர்ச்சி." வாயைப் பிளப்பார்கள். "அம்மாக்களைப் பத்திப் பேசறாங்க, கண்ணு கலங்கட்டும்." கலக்குவார்கள். பிறகுதான் நிகழ்ச்சி தொடங்கும். எடிட்டிங்கில் எந்தப் பேச்சுக்கு எந்த முகம் பொருந்துகிறதோ அதை வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் சிரிப்பதற்கு எதையாவது நினைத்துக்கொள்வார்கள். முன்வரிசைக்கு அதுவும் தேவைப்படவில்லை. மூச்சை இழுத்து, தோளைக் குலுக்கி, தலையைப் பின்னால் சாய்த்தால் போதும், சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கலை என்று இதைத் தூக்கிவைக்க முடியாது. பழக்கம், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் அவர் அப்படிச் சொல்லவில்லை. தொழில் ரகசியம், வெளியே சொல்லாதீர்கள் என்று ஏஜென்ட் கேட்டுக்கொண்டது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெருமை. "நான் நடிக்கறதே இல்ல. மனசுல படறது அப்படியே முகத்துல வந்துடுது. அதான் என்னைக் கூப்பிடறாங்க" என்பார். "வீட்டுல மட்டும் ஏன் ஒண்ணும் வரமாட்டேங்குது?" என்று மனைவி கேட்பாள். "இங்க லைட்டு பத்தலை" என்பார். இந்த நகைச்சுவையைப் பல வருஷம் வைத்து ஓட்டினார்கள்.

அவருக்கு ஒரே அக்கா. அவள் இறந்தபிறகு அக்கா மகள்தான் அவருக்குக் கூடப்பிறந்தவள் வழி உறவு என்று மிச்சமிருந்தவள். மருந்துக்கடையில் பில் போடுகிறாள். திரை முழுக்கச் சிலந்திவலை போல விரிந்த விரிசலோடு ஒரு பழைய ஃபோனை வைத்திருந்தாள், மாற்ற மறுத்தாள். அதில் அம்மா அனுப்பிய குரல்பதிவு ஒன்று இருந்தது. புது ஃபோனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் கணவன் எத்தனையோ முறை சொல்லியும், மாற்றும்போது போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை போட்டுக் கேட்பாள். இதை வைத்து வீட்டில் அடிக்கடி சண்டை.

'ஃபோன் குடும்பத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா' என்று ஒரு நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் கேட்டபோது, முன்வரிசை யோசிக்கவே இல்லை, அக்கா மகளைச் சொன்னார்.

"வேண்டாம் மாமா. நாலு பேர் முன்னாடி எனக்குப் பேச வராது."

"நாலு பேரைப் பார்த்தாதானே பயம்? என் முகத்தை மட்டும் பாரு. நேர் எதிர்ல இருப்பேன்."

"அம்மா விஷயத்தைப் போய் அங்க பேசணுமா?"

"அக்கா குரலை ஊரே கேக்கும். சந்தோஷப்படுவா."

அக்கா சந்தோஷப்படுவாளா என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் நல்ல ஆளைக் கொண்டுவந்தார் என்று ஏஜென்ட் சந்தோஷப்படுவார் என்று தெரிந்திருந்தது.

அன்று காலை வழக்கம்போல முகங்களை எடுத்தார்கள். மதியத்துக்குமேல் அக்கா மகள் பேசினாள். முதலில் திக்கினாள், பிறகு நன்றாகவே பேசினாள். தொகுப்பாளர் அந்தப் பதிவைப் போடச் சொன்னார். மைக்கை ஃபோனுக்கு அருகில் பிடித்தார்கள். அக்காவின் குரல் அரங்கம் முழுக்க வந்தது.

"ஏய், குக்கர் மூடியை எங்கடி வச்சே? தேடித் தேடி என் முட்டியே போச்சு. எத்தனை தடவை சொல்றது, எடுத்த இடத்துல வைன்னு... இரு... ஆங், கிடைச்சிடுச்சு. நான்தான் வச்சிருக்கேன். சரி விடு. சாப்பிட்டுட்டுப் படு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா மகள் அழுதாள். முன்வரிசை அக்காவின் குரலை அவள் போனதற்குப் பிறகு முதல்முறையாகக் கேட்டார். கேட்ட அந்தக் கணத்தில் அவர் கண் போன இடம் ஃப்ளோர் மேனேஜரின் கை. அழுவதா, சிரிப்பதா, என்ன வேண்டும் என்று பார்த்தார். கை உயர்ந்தது, கைதட்டச் சொல்லி. தட்டினார். மற்றவர்களைவிட ஒரு நொடி முன்னாலேயே தட்டினார்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "விளக்கு கண்ணைக் கூசிச்சு மாமா, உங்க முகமே தெரியல. ஆனா நீங்க அழுதிருப்பீங்கன்னு தெரியும்."

"ம்" என்றார்.

அந்த 'ம்' அவரை அன்று பெரிதாக உறுத்தவில்லை. ஒரு சின்ன எழுத்து, ஆட்டோ சத்தத்தில் கரைந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. அக்கா மகளும் கணவனும் வந்திருந்தார்கள். அவர் மனைவி எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். திரையில் அக்கா மகள் வந்ததும், "பரவாயில்லையே, டிவியில பார்த்தா சண்டைக்காரி மாதிரியே தெரியல" என்று கணவன் கேலி செய்தான். அவள் அவன் தொடையில் கிள்ளினாள். திரையில் அவள் ஃபோனை எடுத்தாள், குரல் வந்தது. "நான்தான் வச்சிருக்கேன், சரி விடு" என்று அக்கா சொன்னதும் திரையில் முன்வரிசை வந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, தோளைக் குலுக்கி, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். அதற்கடுத்து அழும் அக்கா மகள். மறுபடியும் அவர், இன்னும் கிட்டத்தில், அதே சிரிப்பு.

எடிட்டருக்கு அந்தக் குக்கர் மூடி வேடிக்கையாகப் பட்டிருக்கும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குரல் யாருடையது, அந்த முகம் யாருடையது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

"மாமா நல்லா ரசிச்சிருக்காரு" என்றான் கணவன். குரலில் கேலி இல்லை.

மனைவி ரிமோட்டைத் தேடினாள். அக்கா மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு, "கிளம்பலாமா?" என்று கணவனிடம் கேட்டாள். முன்வரிசை வாயைத் திறந்தார். மனசுல படறது அப்படியே முகத்துல வந்துடுது என்று பல வருஷமாக அதே கூடத்தில், அதே சோபாவில் சொன்ன வாய் அது. அந்தச் சிரிப்பு காலையிலேயே எடுத்தது என்று அதே வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த வாரம் அந்தச் சிரிப்பு தனியாகக் கிளம்பி ஊர் சுற்றியது. யாரோ அதை வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் பதிலுக்கு அனுப்பும் ஸ்டிக்கர். மளிகைக்கடைக்காரர் ஃபோனை நீட்டி, "அண்ணே, இது நீங்கதானே? நேத்து என் மச்சான் எனக்கே அனுப்பறான், கடையில வியாபாரம் இல்லன்னு சொன்னதுக்கு" என்று மகிழ்ந்தார். குடும்ப குரூப்பில் விஷயம் தெரியாத ஒரு தூரத்து உறவினரும் அதைப் போட்டார். அந்த குரூப்பில் இருந்த அக்கா மகளும் அதைப் பார்த்துவிட்டாள். பிறகு அவள் குரூப்பை விட்டே வெளியேறினாள். இவர் அழைத்தால் எடுக்கவில்லை.

தெருவில் தலையைக் குனிந்தே நடந்தார். கண்ணாடி முன் நின்று ஷேவ் செய்யும்போது உதட்டைப் பார்க்காமல் தாடையை மட்டும் பார்த்தார். அந்த முகத்தால் இனி எதைச் சொன்னாலும் அது ஏற்கெனவே சிரித்த முகம்.

கடைசியில் ஏஜென்டைப் போய்ப் பார்த்தார்.

"கொடுத்து வச்சவர்ண்ணே நீங்க. காசு கொடுத்தாலும் இப்படி ஒரு முகம் பரவாது" என்று ஆரம்பித்த ஏஜென்ட், விஷயத்தைக் கேட்டதும் அடங்கிப்போனார். "அடப்பாவமே. இதுக்கா இந்தப் பாடு? காலையில எடுத்ததுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நான் சொன்னா நம்பணுமே."

"அப்ப நான் சொல்றேன்." அங்கேயே ஃபோனில் பேசிப் பதிவு செய்து அவருக்கு அனுப்பினார். "அம்மா, உங்க மாமா உங்களைப் பார்த்துச் சிரிக்கலம்மா. அது காலையில வெறும் மேடைக்கு முன்னாடி எடுத்தது. எல்லாருக்கும் அப்படித்தான் எடுப்போம். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

பஸ்ஸில் அதை மறுபடியும் மறுபடியும் காதில் வைத்துக் கேட்டார். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, கடைசி வாக்கியத்தைத் தவிர. ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் வருவதற்குள் நிறுத்தப் பார்த்தார். விரல் முந்தவில்லை.

மருந்துக்கடையில் மாலைக் கூட்டம். அவரும் வரிசையில் நின்றார். நீலக் கோட்டு போட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "சீட்டு இருக்கா?" என்று கேட்டாள் அக்கா மகள். நிமிர்ந்ததும் அவளுடைய கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

"சீட்டு இல்லம்மா."

அவருக்குப் பின்னால் ஒருவர் இருமினார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மாமா. டிவிக்காரங்க என்னென்னவோ பண்ணுவாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. எனக்கும் அப்படித்தான் இருக்கணும்னு இருக்கு. நீங்களே சொல்லுங்க, நம்பறேன். அம்மா பேசினப்போ நீங்க சிரிச்சீங்களா?"

ஏஜென்டின் பதிவு அவர் கையில் திறந்தே இருந்தது. கட்டைவிரலால் தொட்டால் போதும். அக்கா குரல் கேட்ட கணத்தில் தன் கண் ஃப்ளோர் மேனேஜரின் கையைத் தேடிப் போனது அவர் நினைவுக்கு வந்தது.

"ஆமாம்மா" என்றார். "சிரிச்சேன்."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அவரைத் தாண்டி, "அடுத்தவங்க வாங்க" என்றாள். அவர் நகர்ந்து இருமியவருக்கு வழிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று ஏஜென்ட் பின்னால் திட்டினார், மனைவி அழுதும் கேட்டாள், அழாமலும் கேட்டாள். அவர் ஏஜென்டின் பதிவை ஃபோனிலிருந்து அழித்துவிட்டார்.