இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பை

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில், வெயில் சுட்டெரித்தாலும் சரி, மப்பும் மந்தாரமுமாக இருந்தாலும் சரி, குடையை விரித்துக்கொண்டுதான் மிஹிர் பாபு வீட்டை விட்டு வெளியே வருவார். வானத்தைப் பற்றி அவருக்குப் புகார் எதுவும் கிடையாது. அவருடைய புகாரெல்லாம் தன் சொந்த வீட்டின் இரண்டாம் மாடியைப் பற்றித்தான். அங்கே குடியிருந்தவள் மகேஸ்வரி.

மகேஸ்வரி கொல்கத்தாவிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்தவர். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தவளுக்கு மூன்றிலும் சரளமாகச் சண்டை போட வரும். கணவன் சந்தானத்துக்குக் கிடர்பூரில் வேலை. துறைமுகத்துக்கு வரும் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து மீட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருந்தான். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். மகேஸ்வரி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றாள். ஐ.டி. வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, சந்தில் வந்து நின்று குரல் கொடுப்பார்கள். அவள் மாவுப் பாக்கெட்டை ஒரு நைலான் பையில் வைத்துக் கயிற்றில் கட்டி இறக்குவாள். அந்த ஊரில் மாடி வீடுகளில் அப்படி ஒரு பை தொங்குவது சகஜம். காய், மீன், பால் எல்லாம் படி ஏறாமல் அதில்தான் ஏறும். மற்றவர்களுக்கு அது சோம்பலுக்கு உதவியது. மகேஸ்வரிக்கோ வேறு வழியே இல்லை, மகளை விட்டுவிட்டு அவளால் ஒரு நிமிஷம்கூடக் கீழே போக முடியாது.

மகள் அக்‌ஷயாவுக்கு ஐந்து வயது. நடை தாமதம், பேச்சு தாமதம், கோபம் மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிடும். டாக்டர் அதற்கு வளர்ச்சித் தாமதம் என்று பெயர் சொன்னார். ஊரிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஏழு வயதில் பேசத் தொடங்கிப் பிறகு வாயை மூடாத ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ கைவசம் வைத்திருந்தார்கள். அந்தச் சித்தப்பா பேசாமலிருந்த காலத்தில் தோசைக்கரண்டியைப் பால்கனியிலிருந்து எறிந்தாரா என்று மகேஸ்வரி கேட்டால், அவர்களுக்கு உடனே சிக்னல் கிடைக்காமல் போய்விடும்.

அக்‌ஷயா எறிவாள். பால்கனியில் மேல்வரைக்கும் கம்பி உண்டு, பை போக மட்டும் ஒரு சின்னத் திறப்பு, ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் கம்பிக்கு நடுவே போகிற எதுவும் வீட்டில் தங்காது. கரண்டி, செருப்பு, சீப்பு, ரிமோட், சாமி படத்துக்குப் போட்ட பூச்சரம். பெயருக்கேற்றபடி எறிய எறியக் குறையவும் இல்லை, ஏனென்றால் சந்தில் இருப்பவர்கள் பொறுக்கிக் கொண்டுவந்து திட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை பால்கனிக்கு வலை கட்டினார்கள். அன்றைக்கெல்லாம் பிள்ளை சுவரில் தலையை மோதிக்கொண்டு அலறியதில், மறுநாள் சந்தே திரண்டு வந்து வலையை அவிழ்க்கச் சொன்னது. தெரபி சென்டரில் ஒரு மிஸ், ‘நான் உனக்கு, நீ எனக்கு’ என்று மாதக்கணக்கில் பந்தை உருட்டிப் பார்த்தாள். அக்‌ஷயா பந்தை வாங்கி ஜன்னல் வழியாக வீசினாள். மிஸ் அதைப் பொறுக்கிவரக் கீழே போவாள், வகுப்பு முடிந்துவிடும்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, பூரிக்கட்டை ஒன்று மிஹிர் பாபுவின் குடையைக் கிழித்துக்கொண்டு அவர் தோளை உரசி இறங்கியது.

அவர் கத்தவில்லை. தோளைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, மருமகளைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டு, வங்காளத்தில் நிதானமாகச் சொன்னார். "பௌமா, துர்கா பூஜைக்கு முன்னாடி வேற வீடு பாத்துக்கங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா என் மண்டை போயிருக்கும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மகேஸ்வரிக்கு அதுதான் பெரிய எரிச்சல். மூன்று மொழியிலும் சண்டை போடத் தெரிந்து என்ன பயன், எதிராளி பக்கம் நியாயம் இருந்தால்?

வீடு பார்த்தார்கள். மதராஸிக் குடும்பம், வாடகை தவறாது, சத்தம் இருக்காது என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றவர்கள், அக்‌ஷயா அவர்கள் வீட்டுச் செருப்பை அலமாரிப் பொம்மைகள் மேல் வீசியதும், தங்கள் அண்ணன் மகன் வந்து தங்கப்போவதை ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். வீடு கிடைப்பதுகூடப் பெரிதில்லை. இந்த வீட்டில்தான் பிள்ளை இரவில் தூங்கப் பழகியிருந்தாள். இந்தச் சுவரும் இந்த மின்விசிறியும் இல்லாத இடத்தில் தூக்கம் போய்விடும். தூக்கம் போனால் சாப்பாடு போகும், கற்ற நாலு பழக்கமும் போகும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் கவலையோடுதான் ஒருநாள் காய்கறி வண்டிக்கார நிமாய்க்குப் பையை இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அக்‌ஷயா கையிலிருந்த மாவுக் கரண்டியைக் கம்பி வழியாக வீச, அது சந்துக்குப் போகாமல் அதிசயமாகப் பைக்குள்ளேயே போய் விழுந்தது.

கீழே நிமாய் பையைப் பார்த்தான், கரண்டியைப் பார்த்தான், மேலே பார்த்தான். "பௌதி, கரண்டியை வெச்சுக்கிட்டுக் காய் தரணுமா?" என்று அண்ணியைக் கேலி செய்வதுபோலச் சிரித்து, ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டுக் கயிற்றை இரண்டு தரம் சுண்டினான்.

பை மேலே வந்தது. அக்‌ஷயா அதற்குள் கையை விட்டாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தாள். பிறகு அம்மாவின் முகத்தை, ஆம், முகத்தையே, ஒருகணம் பார்த்தாள். அவள் எறிந்த எதற்கும் இதுவரை அதே பொருளையும் திட்டையும் தவிரப் பதிலாக ஒன்றும் வந்ததில்லை. இதற்கு வந்திருந்தது. அவள் பழத்தை மறுபடி பைக்குள் போட்டு அம்மாவின் கையைக் கயிற்றின்மேல் இழுத்து வைத்தாள்.

மறுநாளிலிருந்து நிமாயின் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு சாக்ஸுக்கு ஒரு வெண்டைக்காய், ஒரு சீப்புக்கு ஒரு பச்சைமிளகாய் என்று பண்டமாற்று நடந்தது. ஆனால் அவனும் பிழைக்க வேண்டும் அல்லவா? வெயில் ஏறினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். ஒருநாள் அவன் போன பிறகும் அக்‌ஷயா விடவில்லை. அம்மா மாவு அரைக்கும் நேரம் பார்த்து, கடித்து மீதி வைத்த பாதி இட்லியைப் பையில் போட்டுத் தானே இறக்கினாள். அவள் கையளவுக்குக் கயிறு பாதி தூரம்தான் போனது. பை நேராக முதல் மாடிப் பால்கனியில், நாளிதழ் படித்துக்கொண்டிருந்த மிஹிர் பாபுவின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது.

"பௌமா, இது என்ன?"

மகேஸ்வரி கிரைண்டரை அணைத்துவிட்டு ஓடிவந்து, பெரியப்பா என்று வங்காள முறையில் அழைத்துச் சொன்னாள். "இட்லி, மேஷோமஷாய்."

"இட்லின்னு எனக்கும் தெரியுது. இங்க ஏன் தொங்குது?"

சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். "பதிலுக்கு ஏதாவது போட்டா மேல வந்துரும்."

"நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?"

நாளிதழ் சரசரத்தது. அவ்வளவுதான், மறுபடி படிக்கப் போய்விட்டார். பையை இழுத்துவிட வேண்டும் என்று மகேஸ்வரி கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அக்‌ஷயா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எறியவில்லை, கடிக்கவில்லை, அலறவில்லை. கீழே பார்த்தபடி சும்மா நின்றாள்.

மகேஸ்வரி சந்தானத்துக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தாள். "ஏங்க, அவ காத்துக்கிட்டு நிக்கா."

"யாரு, மாவு வாங்க வந்த பொண்ணா?"

"உங்க மக."

கிடர்பூர்ப் பக்கம் ஒரு லாரியின் ஹாரன் மட்டும் கேட்டது. "போனை வெச்சிராத மகேசு," என்றான் சந்தானம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவன் பேசினால் பிள்ளை கலைந்துவிடுவாள் என்பதுபோல.

ஒரு பால் பொங்கி அடங்கும் நேரத்துக்கும் மேலாக இருக்கும். கயிறு மெதுவாகச் சுண்டப்பட்டது. பையில் ஒரு மாரி பிஸ்கட் வந்தது. முழுசாக இல்லை, பாதி. பாதி இட்லிக்குப் பாதி பிஸ்கட். மிஹிர் பாபு கணக்கில் கறாரானவர்.

அதன் பிறகு காலை நேரத்துக்கென்று ஒரு ஒழுங்கு வந்தது. அவள் கிளிப்பை அனுப்புவாள், அவர் பட்டனை அனுப்புவார். அவர் சட்டதிட்டமும் போட்டார். ஈரமான பொருள் ஏற்கப்படாது, செருப்பு போட்டால் செருப்பே திரும்பி வரும். எல்லாம் மாயமாக மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மத்தியானத்தில் அக்‌ஷயா பழைய அக்‌ஷயாதான். டம்ளர் ஒன்று மீன்காரனின் கூடைக்குள் விழுந்து அவன் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். மகேஸ்வரியின் புறங்கையில் புதிதாகப் பல் தடமும் இருந்தது. மிஹிர் பாபுவோ வீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. சந்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியது. மகேஸ்வரி அட்டைப்பெட்டிகள் வாங்கி, அதிகம் புழங்காத பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள்.

சந்தானம் சீக்கிரம் வந்திருந்த ஒரு சாயங்காலம், வாசலில் செருமல் கேட்டது. அந்த மாடிக்கு ஒருநாளும் ஏறி வராத மிஹிர் பாபு வந்து நின்றார். அட்டைப்பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"நாளைக்குக் கண்ணுல ஆபரேஷன்," என்றார். "நாலஞ்சு நாள் மக வீட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க."

"நல்லபடியா முடியும், மேஷோமஷாய்," என்றாள் அவள், அடுத்து வரப்போவதை எதிர்பார்த்து.

"உங்ககிட்டச் சொல்ல வரல. அவ எங்க?"

அக்‌ஷயா பால்கனி ஓரத்தில் பையைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தாள். மிஹிர் பாபு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகலோடு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நாளைக் காலையில் நான் இருக்கமாட்டேன், பை இறக்கினால் ஒன்றும் வராது, கண்ணைக் கட்டிவிடுவார்கள், பிறகு வந்துவிடுவேன் என்று வங்காளத்தில் ஒவ்வொன்றாகக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இதுவரை பிள்ளையைப் பற்றி மகேஸ்வரியிடம் சொன்னவர்கள் ஆயிரம் பேர். பிள்ளையிடம் வந்து சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அக்‌ஷயா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டென்று கையை நீட்டி அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, வேண்டாம்ட்டி," என்று மகேஸ்வரி பாய்ந்தாள். அதற்குள் கண்ணாடி கம்பி வரைக்கும் போய்விட்டது. ஆனால் அது பறக்கவில்லை. அக்‌ஷயா அதைப் பையில் வைத்தாள். பையைக் கம்பியின் திறப்பு வழியாக வெளியே தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டாள். கீழே, ஆளில்லாத முதல் மாடிப் பால்கனிக்கு நேராகப் பை போய் நின்றது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிஹிர் பாபு சுவரைப் பிடித்து அவசரமாக எழுந்தார். கண்ணாடி இல்லாமல் வாசல் எங்கே, அலமாரி எங்கே என்று தெரியாமல் தடவினார். சந்தானம் ஓடிப்போய் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். படியில் இறங்கும்போது, இதைவிட்டால் கேட்க முடியாது என்று நினைத்தானோ என்னவோ, "மேஷோமஷாய், வீட்டு விஷயம்..." என்று இழுத்தான்.

"அதெல்லாம் அப்புறம்பா," என்றார் மிஹிர் பாபு, அடுத்த படியைக் காலால் துழாவிக்கொண்டே. "சீக்கிரம் இறக்கிவிடு. மேல குழந்தை காத்துக்கிட்டிருக்கா."